மறுக்கும் நாயும் பொறுக்கும் ஆசானும்

வீட்டுக்கு விருந்தினர் வந்து அமர்ந்து, காபி அருந்தி, குசலம் விசாரித்து முடிந்தபின், வீட்டுக்காரர் தம் நாயை அருகே அழைத்து, உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, ‘கை கொடு’ என்று கட்டளையிடுவதும், அது அவருடைய கையையும் பாராமல் முகத்தையும் பாராமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வாயகலக் கொட்டாவி விட்டு, மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டு, தரையில் எதையோ மோப்பம் பிடிக்கிற பாவனையில் அப்பால் நகர்ந்துவிடுவதும், நாய் வளர்க்கும் இல்லங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி. பெரியவர்கள் முன்னிலையில் பாடச் சொன்னவுடன் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தையிடம் நாம் காட்டும் பரிவில் நாலில் ஒரு பங்கைக்கூட அந்த வாயில்லா ஜீவனிடம் காட்டுவதில்லை. வீம்பு என்கிறோம், திமிர் என்கிறோம், சரியான மக்கு என்று வந்தவர்களிடம் குறைபட்டுக்கொள்கிறோம். நாய் மறுக்கிறபோது அது நமக்கு ஒரு விஷயத்தைத் தெரிவிக்கிறது என்பதும், அந்த விஷயத்தை வாசித்தறியப் பழகியவரே அதற்கு வித்தை கற்பிக்கும் அருகதை பெற்றவர் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கொட்டாவியையே எடுத்துக்கொள்வோம். அது தூக்கத்தால் வந்த கொட்டாவி அன்று. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ், நாய்கள் தமக்குள் பூசல் மூளாதிருக்கும்பொருட்டுக் கையாளும் சைகைகளைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கி எழுதியவர். முகத்தைத் திருப்புதல், மூக்கை நக்குதல், கொட்டாவி விடுதல், திடீரெனத் தரையை முகர்தல் ஆகியவற்றை அவர் அந்த வரிசையில் சேர்த்தார். ஒவ்வொரு சைகைக்கும் அவர் கற்பித்த பொருளை ஆராய்ச்சியாளர் அனைவரும் அப்படியே அங்கீகரித்தாரில்லை எனினும், நாய் சங்கடத்துக்குள்ளாகும் சந்தர்ப்பங்களில் இவை மிகுதியாகத் தோன்றுகின்றன என்பதை நாய்களோடு பழகிய எவரும் மறுக்கமாட்டார். குனிந்து கவிந்து நிற்கும் உருவமும், உயர்ந்துகொண்டே போகும் குரலும், சுற்றிலும் அந்நியர் பார்வையுமாக இருக்கும் அந்த இடத்தில், ‘சற்றுப் பொறுங்கள்’ என்பதைத்தான் அது தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறது. நாமோ குரலை இன்னும் உயர்த்துகிறோம்.

இவ்வாறு மறுக்கும் நாயைப் பலவந்தத்தால் பணியவைக்க வேண்டும் என்ற கொள்கை சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் உலகில் செல்வாக்குடன் விளங்கியது. ஜெர்மானியப் போலீஸ் அதிகாரியான கோன்ராட் மோஸ்ட் 1910-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அதற்கு ஆதாரமாக நின்றது. போலீசுக்கும் ராணுவத்துக்கும் நாய்களைப் பழக்கியவர் அவர். வெகுமதியின் பயனை அறியாதவர் அல்லர். எனினும், நாய் கட்டளையை நிறைவேற்றியே தீரவேண்டும், அதற்கு வேறு வழியே விடக்கூடாது என்பது அவருடைய முறையின் அடிநாதம். அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த வில்லியம் கோஹ்லரின் நூல் இதே மார்க்கத்தில் இன்னும் கடுமையாகச் சென்றது. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும், வலி நீங்கும் கணத்தையே நாய்க்குப் பரிசாக வைப்பதும் இம்முறையின் சாரம். இதனால் நாய்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாகும், ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டன. ஆனால் கற்றுக்கொள்ளாமல் ஒடுங்கிப்போன நாய்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஒடுங்கிப்போவது என்றால் என்ன என்பதை, மனம் ஒப்பாத ஒரு வழியில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் கண்டறிந்தனர். 1967-இல் அவர்கள் பிரசுரித்த ஆராய்ச்சியில், சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும்படி செய்தார்கள். வேறு சிலவற்றுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் அவை எதைச் செய்தாலும் அதை நிறுத்த இயலாது. பிறகு எல்லா நாய்களையும் ஒரு பெட்டியில் விட்டபோது, நடுவிலிருந்த தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தும், முன்பு எதுவும் செய்ய இயலாதிருந்த நாய்களில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை; இருந்த இடத்திலேயே சகித்துக்கொண்டன. செயலறும் தன்மையை அனுபவம் கற்பித்துவிடுகிறது என்றே அரைநூற்றாண்டுக் காலம் இதற்கு வியாக்கியானம் கூறப்பட்டது. அதே இருவர் 2016-இல் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தி எழுதினர் என்பது சாஸ்திர உலகில் அபூர்வமான நிகழ்ச்சி. நீடித்த துன்பத்தில் செயலற்றுக் கிடப்பதுதான் மூளையின் இயல்பான நிலை. ‘என் செயலால் ஒன்று மாறுகிறது’ என்ற உணர்வே கற்றுக்கொள்ளப்படுவது என்று மூளை ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் கூறினர்.

வித்தை கற்பிக்க முனைபவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்று நான் கருதுகிறேன். மூலையில் சுருண்டு கிடந்து, எதைச் சொன்னாலும் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிற நாயைச் சோம்பேறி என்று நாம் ஒதுக்குகிறோமே, அதற்குத் தெரியவேண்டிய முதல் பாடம் உட்காருவதோ கை கொடுப்பதோ அன்று. தான் ஒன்று செய்தால் இந்த வீட்டில் ஒரு நல்ல பலன் விளைகிறது என்பதே. தலையைத் திருப்பி நம்மைப் பார்த்ததற்கு ஒரு துண்டு உணவு; ஓர் அடி எடுத்து வைத்ததற்கு இன்னொரு துண்டு. இத்தனை அற்பமான செயல்களுக்கா சன்மானம் என்று கேட்பவர், அந்த நாய்க்கு அவை அற்பமானவை அல்ல என்பதை உணரவேண்டும்.

பலவந்தமில்லாத மார்க்கம் நாய்களின் வழியாக உருவாகவில்லை என்பது விசித்திரம். மனோதத்துவ அறிஞர் பி. எஃப். ஸ்கின்னரிடம் மினசோட்டா சர்வகலாசாலையில் பயின்ற கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும், படிப்பைப் பாதியில் விட்டு, 1947-இல் பிராணிகளுக்கு வித்தை பயிற்றுவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோழி, பன்றி, முயல், வாத்து என்று அவர்கள் பழக்காத ஜீவன் இல்லை எனலாம். ஆனால் அந்நாளைய நாய்ப் பயிற்சியாளர்கள் அவர்கள் சொன்னதைச் செவிமடுக்கவில்லை. ஸ்கின்னரே 1951-இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில், குழந்தைகள் விளையாடும் ‘டிக் டிக்’ என ஒலிக்கும் தகரப் பொம்மையைக் கொண்டு வீட்டு நாய்க்கு எவ்வாறு பாடம் சொல்லலாம் என்று விளக்கமாக எழுதினார். அதுவும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1960-களில் ஹவாய்த் தீவின் கடற்பிராணிக் காட்சிசாலையில் டால்பின்களைப் பழக்கிய காரென் பிரையர் என்ற மாது, அந்த அனுபவத்தைத் திரட்டி 1984-இல் நூலாக வெளியிட்ட பின்னரே நாய் வளர்ப்போர் இந்தப் பக்கம் திரும்பலாயினர். டால்பினுக்குக் கழுத்துப் பட்டை மாட்ட முடியாது. அதட்டினால் அது நீரின் மறுகோடிக்கு நீந்திப் போய்விடும். ஆகவே அதனுடைய சம்மதத்தைத் தவிர ஆசிரியரின் கையில் வேறு ஆயுதமே இல்லை. நாயைச் சங்கிலியில் கட்டிவைக்க முடிந்ததனாலேயே அதன் சம்மதத்தைக் கேட்க நமக்கு இத்தனை காலம் தோன்றவில்லை போலும்.

தகரப் பொம்மையின் அந்த ஒலிக்கு ஏன் இவ்வளவு மகிமை என்பதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். நாய் செய்யும் நற்செயல் ஒரு கணத்தில் நிகழ்ந்து மறைகிறது. நாம் பையில் கைவிட்டு, தின்பண்டத்தை எடுத்து, குனிந்து, அதன் வாயருகே கொண்டு செல்வதற்குள் இரண்டு மூன்று வினாடிகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் உட்கார்ந்த நாய் எழுந்திருக்கும், வாலை ஆட்டியிருக்கும், நம் கையை நோக்கித் தாவியிருக்கும். எதற்காகக் கிடைத்தது இந்தப் பரிசு? தாவியதற்காக என்றே அது முடிவு செய்யும். அப்படிச் செய்தால் குற்றம் அதனுடையதன்று. ஒலி எழுந்தால் உணவு வரும் என்பதை முதலில் பழக்கப்படுத்திவிட்டு, செயல் நிகழும் அதே நொடியில் அந்த ஒலியை எழுப்பினால், பரிசு பின்னால் மெதுவாக வந்தாலும், எதற்காக வந்தது என்பதில் சந்தேகம் எழாது. பொம்மை வேண்டுமென்பதில்லை, நாவை மேலண்ணத்தில் ஒட்டி ‘டக்’ என்று எடுக்கும் ஓசையே போதுமானது. பேச்சு வார்த்தை இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஏனெனில் வீட்டில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பது பேச்சுதான். கட்டளைச் சொல்லைக்கூட, செயல் தானாக வரத் தொடங்கிய பிறகே சேர்க்கவேண்டும். பொருள் விளங்குமுன் ‘உக்காரு, உக்காரு, உக்காரு’ என்று பத்துமுறை சொல்லிவிட்டால், அந்தச் சொல் நாயின் காதில் மழைச் சத்தத்தோடு சேர்ந்துவிடுகிறது.

கோவில்பட்டியில் என் தங்கையின் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. நிறத்தை வைத்துச் செவலை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். தங்கையின் மகன் அதற்கு உட்காரக் கற்பிக்க முற்பட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். மார்கழி மாதத்துக் காலை; சில்லிட்டுக் கிடந்த சிமெண்டுத் தரை. பையன் ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாயின் இடுப்பைக் கீழே அழுத்த, அது நான்கு கால்களையும் ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, அழுத்தத்துக்கு எதிரே தன் பலத்தையெல்லாம் கொடுத்து நின்றது. “மாமா, வேணும்னே பண்றான் பாருங்க” என்றான் பையன். எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், தம் இளமையில் இந்த ஜாதி நாய்களை வளர்த்தவர், எழுந்து வந்தார். “ஓடுற நாயைப் போட்டு உக்காரு உக்காருன்னா எப்படித் தம்பி? அது உடம்புல சதை எங்க இருக்கு? எலும்பு தரையில குத்துதில்ல. சாக்கை மடிச்சுப் போடு முதல்ல. கையை எடு அது மேலருந்து.”

பெரியவர் சொன்னதில் இரண்டு சத்தியங்கள் அடங்கியிருந்தன. முதலாவது, கையை எடு என்பது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1898-இல் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சியிலேயே, பூனைகளையும் நாய்களையும் கூண்டில் வைத்து, அவற்றின் கால்களைத் தாமே பிடித்து அசைத்துக் கூண்டைத் திறக்கும் வழியைக் காட்டிப் பார்த்தார். தானாக முயன்று கண்டுபிடிக்காத பிராணி, பிறர் கால் பிடித்துக் காட்டியதனால் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அழுத்தி உட்காரவைக்கப்பட்ட நாய், அழுத்தப்படுவதை எதிர்க்கத்தான் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது, உடம்பின் அமைப்பு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைத் தாங்கிய இந்த நாயும், அதன் இனத்தைச் சேர்ந்த கன்னி நாயும், கண் பார்வையால் இரையைக் கண்டு வேகத்தால் பிடிக்கும் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், இறுகிய தொடைத் தசை, மெல்லிய தோல். கடினமான தரையில் பின்காலை மடித்து அமர்வது இவற்றுக்குச் சுகமான ஆசனம் அன்று.

சாக்கு வந்தது. வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பையன் ஒரு துண்டை நாயின் மூக்கருகே காட்டி, அதன் நெற்றிக்கு மேலாகப் பின்னோக்கி மெதுவாக நகர்த்தினான். மூக்கு உயர, பின்புறம் சற்றே தாழ்ந்தது, பாதிகூட இல்லை. “டக்”. துண்டு வாய்க்குப் போயிற்று. மறுபடி. பாதிக்குக் கொடுத்தது முக்காலுக்கு வந்தது. முக்காலிலிருந்து அது பின்வாங்கிய போது, பெரியவரின் சைகையைப் பார்த்துப் பையன் அதட்டாமல் பாதிக்கே மீண்டும் கொடுத்தான். அன்று அது முழுதும் உட்காரவில்லை. கிண்ணத்தில் ஈரல் மிச்சமிருக்கும்போதே பாடம் நிறுத்தப்பட்டது. நாய் கிண்ணத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு பையனைப் பார்த்தது. சில நாட்களில் அது உட்காரப் பழகிவிட்டது என்பதைவிட, அந்த முதல் நாளில் அது பையனைப் பார்த்த பார்வையில் மாறுதல் ஏற்பட்டது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தின்பண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிடுகிறேன்: திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு விஷம். உப்புக் கருவாடும் கூடாது.

பிராணியின் பிறவிக் குணம் பயிற்சியைவிட வலியது என்பதையும் மேற்சொன்ன பிரெலண்ட் தம்பதிகளே 1961-இல் ஒப்புக்கொண்டு எழுதினர். மரக் காசைக் கவ்விச் சென்று உண்டியலில் போடப் பழகிய பன்றி, வாரங்கள் செல்லச் செல்ல, காசை வழியிலே போட்டு மூக்கால் கிளறிப் புரட்டத் தொடங்கிற்று. ரக்கூன் என்ற அமெரிக்கப் பிராணியோ இரண்டு காசுகளை விட மனமின்றி, தன் உணவைக் கழுவித் தேய்ப்பதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தது. பசி அதிகரித்தால் இந்தக் குணம் தணியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அது வலுப்பட்டதைக் காண நேர்ந்தது. நாய்களில் இந்த வேற்றுமையை ஜாதிக்கு ஜாதி பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். மந்தை ஓட்டும் நாய், மேய்ப்பனின் விரலசைவைப் பார்த்துப் பார்த்தே வாழ்ந்த பரம்பரையில் வந்தது. மனிதனின் முகம் அதற்குப் புத்தகம். எஜமானனை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, கரிசல் வெளியில் முயலைத் தானே கண்டு, தானே தீர்மானித்து, தானே ஓடிய பரம்பரை சிப்பிப்பாறையினுடையது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த முயல் வேட்டைக்கு இடமில்லை; வேட்டை போய்விட்டது, வேட்டைக்குரிய சுபாவம் மட்டும் ரத்தத்தில் நிற்கிறது. வீட்டுக் காவலுக்குப் பெயர்பெற்றதும், 2005-இல் இந்திய அரசின் தபால்தலையில் இடம்பெற்றதுமான ராஜபாளையம் நாயும் ஒருவரையே அண்டி நிற்கும் குணமுடையது. அந்நியர் முன்னிலையில் கூத்துக் காட்ட அது பிரியப்படுவதில்லை. வெளிநாட்டு நாய் ஒரு வாரத்தில் கற்றதை நம் நாட்டு நாய் ஒரு மாதத்திலும் கற்கவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள், புத்தியை அளப்பதாக எண்ணிக்கொண்டு இணக்கத்தை அளக்கிறார்கள். இந்த அநீதியான தீர்ப்பு நம் நாட்டு ஜாதிகள் மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருவது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

நாயின் சுபாவத்துக்கு ஏற்ற வித்தையைத் தேர்ந்துகொண்டால் பாதி மறுப்பு அப்போதே தீர்ந்துவிடுகிறது. மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து நீட்டினால், சில நாய்கள் முன்காலால் பிறாண்டும். அவற்றுக்குக் கை கொடுக்கக் கற்பிப்பது சுலபம், ஏனெனில் அவை முன்னமே அதைச் செய்துகொண்டிருக்கின்றன. செவலையோ காலைத் தூக்குவதே இல்லை. மூக்கால் மட்டும் முட்டியது. ஆகவே அதற்கு விரித்த உள்ளங்கையை மூக்கால் தொடும் வித்தையே முதலில் வாய்த்தது. குறுக்கே பிடித்த கம்பைத் தாண்டுவதை அது எவ்விதப் பிரயத்தனமும் இன்றிக் கற்றது.

இன்னொரு வகை மறுப்பும் உண்டு. அது நியாயத்தைப் பற்றியது. வியன்னா சர்வகலாசாலையில் பிரிடெரிகே ரேஞ்சும் அவருடைய சகாக்களும் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கை கொடுக்கப் பழகிய இரண்டு நாய்களை அருகருகே அமர்த்தி, இரண்டிடமும் மாறி மாறிக் கை கேட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் உணவு கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத நாய் விரைவிலேயே தயங்கிற்று, வாயை நக்கிற்று, உடலைச் சொறிந்தது, பிறகு கை கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அதே நாயைத் தனியே வைத்துப் பரிசில்லாமல் கேட்டபோது அதைவிட நெடுநேரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாய்க்குக் கிடைத்தது ரொட்டியா, இறைச்சியா என்பதை அது பொருட்படுத்தவில்லை. தனக்கு ஒன்றுமே இல்லை என்பதே அதைப் பாதித்தது. இரண்டு நாய்கள் உள்ள வீட்டில், கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த ஒன்றையே ஊட்டி ஊட்டிப் பழக்கி, மற்றதை மந்தபுத்தி என்று தள்ளிவைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பாடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை நடத்துவது என்பதிலும் நம்முடைய அவசரம் பொருந்தாது. டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் பீகிள் ஜாதி நாய்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வாரம் ஐந்து முறையும் மற்றொன்றுக்கு வாரம் ஒரே ஒரு முறையும் ஒரே வித்தையைக் கற்பித்து, முடிவுகளை 2008-இல் வெளியிட்டனர். வாரத்துக்கு ஒருமுறை பயின்றவைக்கு நாட்கள் அதிகம் பிடித்தன. ஆனால் பாடங்களின் எண்ணிக்கை குறைவாகவே தேவைப்பட்டது. இடைப்பட்ட ஓய்வில் படிப்பு நின்றுவிடுவதில்லை, அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று இதனால் ஊகிக்கலாம். ஐந்து நிமிஷப் பாடம், நாய்க்கு விருப்பம் மிஞ்சியிருக்கும்போதே ஒரு நிறுத்தம், நடுவில் இரண்டொரு நாள் இடைவெளி. இதில் நஷ்டப்படுவது ஒன்றுமில்லை.

நேற்றுவரை உற்சாகமாகச் செய்துவந்த வித்தையை ஒரு நாய் இன்று திடீரென்று மறுக்குமானால், பயிற்சியைப் பற்றி யோசிப்பதை விட்டு அதன் உடம்பைப் பார்க்கவேண்டும். இடுப்பு மூட்டில் வாதம் கண்ட முதிய நாய் உட்கார மறுக்கும். காதில் புண் உள்ள நாய் தலையருகே கை வந்தாலே விலகும். பல் வலி உள்ளது பந்தைக் கவ்வாது. இவற்றுக்குக் கால்நடை மருத்துவரே கதி. பின்னங்கால்களில் நின்று நடக்கும் வித்தையை, பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள் என்பதற்காக, கனத்த உடலுடைய நாய்க்கும் வயதான நாய்க்கும் கற்பிப்பது என் மனத்துக்கு உடன்பாடானதன்று.

வித்தைகளெல்லாம் வெறும் விநோதம்தானே, அவற்றால் நாய்க்கு என்ன பிரயோசனம் என்று கேட்போர் உண்டு. கை கொடுக்கும் வித்தையையே பாருங்கள். தானாகவே முன்காலை நீட்டி, நம் உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருக்கப் பழகிய நாய்க்கு நகம் வெட்டுவது எளிது. முதலில் கத்தரியைப் பக்கத்தில் வைத்தபடியே கை கேட்டு ஈரல் கொடுக்கவேண்டும். பிறகு கத்தரியால் நகத்தைத் தொட மட்டும் செய்யவேண்டும். பிறகு ஒரே ஒரு நகத்தின் நுனி. நாய் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடவேண்டும். இழுத்துக்கொள்ளும் சுதந்திரம் தனக்கு உண்டென்று அறிந்த நாய், அதை நாளடைவில் குறைவாகவே பயன்படுத்துகிறது. நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து, வாயைக் கட்டி, அது அலற அலற நகம் வெட்டப்படும் வீடுகள் எத்தனையோ உள்ளன. கோவில்பட்டியில் அந்த மாதிரியே நடந்துகொண்டிருந்தது. இப்போது பையன் சாக்கை விரித்துச் செவலையை அழைக்கிறான். கால் கொடுக்கப் பிந்திக் கற்ற அந்த நாய், ஓர் உட்காரலுக்கு இரண்டு நகம் வீதம் அனுமதிக்கிறது, மூன்றாவதற்கு எழுந்து போய்விடுகிறது, அவனும் கத்தரியை எடுத்து வைத்துவிடுகிறான். மிச்ச நகங்களை மறுநாள் பார்த்துக்கொள்கிறார்கள்.